பழங்கடைத் தராசுகளை இனங்காணலும் மதிப்பிடலும்: வள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் பயன்பட்ட பழந்தராசுகள் இன்று இருவகையாக மதிப்பிடப்படுகின்றன. பழைய இரும்பு வணிகர் அவற்றின் உலோகத்தை நிறுத்து விலை சொல்கிறார். அலங்காரப் பொருள் விற்போர் தோற்றத்தைப் பார்த்து விலை சொல்கின்றனர். இவ்விரு மதிப்பீடுகளிலும் தராசின் வரலாற்றுச் சான்று கணக்கில் சேர்வதில்லை. ஒரு தராசு எவ்வகையைச் சார்ந்தது, எவ்வலகில் நிறுத்தது, எக்காலத்தில் வழக்கில் இருந்தது என்பனவற்றை அதன் அமைப்பு, எடைக்கற்கள், முத்திரைகள் ஆகியவற்றைக்கொண்டு அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அதன்வழி மதிப்பை உலோகம், பயன், சேகரிப்பு, சான்று என்னும் நான்கு நிலைகளில் வைத்து எண்ண வேண்டும் என்பதையும் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தராசு, வெள்ளிக்கோல், படிக்கல், வீசை, மணங்கு, முத்திரை, சட்டமுறை எடையளவு, வள்ளூர், பழவேற்காடு.

1. முன்னுரை

நிறுத்தல் தமிழர் வாழ்வில் தொன்மையான செயல். அளவுப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது எனத் தொல்காப்பியம் தொகைமரபில் வரையறுக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கூலக்கடைத் தெருவில் நிறைகோலுடன் திரியும் வணிகரைக் காட்டுகிறது. திருக்குறள் நடுவுநிலைமையை விளக்கத் துலாக்கோலையே உவமையாகக் கொள்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னும் அணிகலன்களும் 'ஆடவல்லான்', 'தட்சிணமேருவிடங்கன்' எனப் பெயரிடப்பட்ட கற்களால் நிறுக்கப்பட்டன என்பதை அக்கோயிற் கல்வெட்டுகள் பதிவுசெய்கின்றன. எடைக்கல்லுக்கு இறைவன் பெயரை இட்ட வழக்கு, நிறையில் பிழை நேரக்கூடாது என்னும் எண்ணத்தின் வெளிப்பாடு எனலாம்.

இத்தகைய நெடிய மரபின் அண்மைக்காலச் சான்றுகளே கடைத் தராசுகள். மின்னணுத் தராசு பரவியபின் அவை கடைகளிலிருந்து விலக்கப்பட்டு, பரணிலும் கிடங்கிலும் ஒதுங்கின. திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி வட்டாரம் இப்பொருள்களை ஆராய்வதற்கு இருவகையில் ஏற்ற களமாகும்.

முதலாவது, பல எடைமுறைகள் இவ்வட்டாரத்தில் எதிர்ப்பட்டன. தெற்கே சென்னை நகரச் சந்தை. வடக்கே தெலுங்கு வழங்கும் நிலம். கிழக்கே, 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டி ஒல்லாந்தர் வணிகம் நடத்திய பழவேற்காடு. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய நிறை வழக்கைக் கொண்டிருந்தது.

இரண்டாவது, இழப்பு விரைவாக நிகழக்கூடிய இடமும் இதுவே. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உருக்காலைகளும் உருட்டாலைகளும் உள்ளன. கடையை மூடும் குடும்பம் தராசை எடைக்குப் போட்டால், அது உலைக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. ஆகவே, விற்பதற்கு முன் அதனை இனங்காணும் முறை தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

2. அமைப்பு வழி இனங்காணல்

பழந்தராசு ஒன்று கையில் கிடைத்ததும் முதலில் தீர்மானிக்க வேண்டியது அது இயங்கும் முறையை. கடைவீதியில் வழங்கியவற்றை ஐந்து வகையாகப் பகுக்கலாம்.

அ) வெள்ளிக்கோல். ஒரே தட்டும் நீண்ட கோலும் உடையது. தட்டு ஒரு முனையில் தொங்க, கோலின் மறுமுனையே எதிர்எடையாக அமையும். அல்லது நகரும் குண்டு ஒன்று எதிர்எடையாகும். கோலின்மீது குறிகள் பதிக்கப்பட்டிருக்கும். வெள்ளியால் குறியிட்டதனால் இப்பெயர் பெற்றது என்பர். தனி எடைக்கற்கள் வேண்டாமையால் ஊர் ஊராகச் சென்று விற்போருக்கு இது ஏற்றதாயிற்று. மரக்கோலில் உள்ள வெட்டுகளும் ஆணிக்குறிகளும் அலகை அறியும் ஒரே வழியாதலால், இவ்வகையில் கோலைச் சீவுதலோ வண்ணம் பூசுதலோ சான்றை முற்றிலும் அழித்துவிடும்.

ஆ) இருதட்டுத் தராசு. தண்டு, அதன் நடுவில் முள், இருபுறமும் சங்கிலியிலோ கயிற்றிலோ தொங்கும் தட்டுகள் என்பன இதன் உறுப்புகள். பொன் நிறுக்கும் சிறு தராசு முதல் மண்டியில் மூட்டை நிறுக்கும் பெருந்தராசு வரை இவ்வமைப்பே. கொல்லன் அடித்த தேனிரும்புத் தண்டில் சுத்தியல் தடங்களும் இருபுறக் கனத்தில் நுண்ணிய வேறுபாடும் காணப்படும். ஆலையில் செய்த தண்டு ஒரே சீராக இருக்கும். தண்டு தாங்கப்படும் இடத்தில் எஃகாலான கத்திமுனை உள்ளதா, வெறும் ஆணி உள்ளதா என்பது தரத்தைக் காட்டும் முதன்மைக் குறியாகும்.

இ) மேசைத் தராசு. தட்டுகள் தண்டுக்கு மேலே அமைந்தவை. கடை மேசைமீது வைத்து நிறுக்கப்படுபவை. 1669இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரோபர்வால் அறிமுகப்படுத்திய இணைகர அமைப்பே இதன் அடிப்படை. மேல்தண்டும் கீழ்த்தண்டும் இணையாக இயங்குவதால் சரக்கைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் நிறை மாறுவதில்லை. வார்ப்பிரும்பு அடித்தளமும் பித்தளைத் தட்டும் கொண்ட இவ்வகையே இன்று அலங்காரச் சந்தையில் மிகுதியாக நாடப்படுகிறது.

ஈ) சுருள்வில் தராசு. கொக்கியில் தொங்கவிட்டு, முகப்பில் உள்ள அளவுகோலிலோ வட்ட முகப்பிலோ எடை காண்பது. இங்கிலாந்தின் வெசுட்டு பிராம்விச்சில் இயங்கிய சால்ட்டர் நிறுவனத்தின் பெயர் இவ்வகையுடன் நெருங்கிய தொடர்புடையது. முகப்பில் அலகு அச்சிடப்பட்டிருப்பதால் இனங்காணல் எளிது. ஆனால் வில் தளர்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி.

உ) மேடைத் தராசு. மூட்டைகளை மேடைமீது ஏற்றி நிறுக்கும் கூட்டு நெம்புகோல் தராசு. 1830ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் தாடியசு ஃபேர்பேங்சு உருவாக்கிய வடிவம் உலகெங்கும் பரவியது. இதன் தொங்குகற்கள் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. கல்லின்மீது பொறித்த எண், அக்கல்லின் சொந்த நிறையன்று. மேடையில் அது சமன்செய்யும் நிறையாகும். நூற்றுக்கு ஒன்று என்னும் விகிதமுடைய தராசில், 100 கிலோ எனப் பொறித்த கல் 1 கிலோவே இருக்கும். இதனை அறியாதார் அக்கல்லைப் போலியெனக் கருதி எறிந்துவிடுவது உண்டு. தொங்குகல் இல்லாத மேடைத் தராசு தன் இயக்கத்தையும் மதிப்பையும் ஒருங்கே இழக்கிறது.

நெல்லும் அரிசியும் நெடுங்காலம் படியாலும் மரக்காலாலும் முகந்து அளக்கப்பட்டன என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. புளி, மிளகாய், வெல்லம், பருத்தி, உலோகம் போன்றவையே நிறைக்கு உரியவை. ஆகவே, அரிசிக் கடைக்குரியதாகச் சொல்லப்படும் மிகப் பழைய தராசு ஒன்று வந்தால், அக்கடை வேறு எச்சரக்கை விற்றது என்னும் வினாவையும் எழுப்ப வேண்டும்.

3. எடைக்கல் வழி அலகை அறிதல்

தராசைவிட எடைக்கல்லே மிகுதியாகப் பேசும். குறிப்பு மழுங்கிய கல்லையும் இன்றைய மின்னணுத் தராசில் வைத்து நிறுத்தால் அதன் அலகை ஊகிக்கலாம். இதற்கு அடிப்படையான வாய்பாடு வருமாறு:

10 வராகனெடை – 1 பலம்
8 பலம் – 1 சேர்
5 சேர் – 1 வீசை
8 வீசை – 1 மணங்கு
20 மணங்கு – 1 பாரம்

சென்னை வழக்கில் மணங்கு 25 இராத்தலாகவும் பாரம் 500 இராத்தலாகவும் கொள்ளப்பட்டன. இக்கணக்கில் வீசை ஏறத்தாழ 1417 கிராம். பின்னர் ரூபாயின் நிறையான தோலா அடிப்படையானபோது, 3 தோலா ஒரு பலமாகவும் 120 தோலா ஒரு வீசையாகவும் அமைந்தன. ஒரு தோலா 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். இக்கணக்கில் வீசை ஏறத்தாழ 1400 கிராம்.

இதனையொட்டி, குறிப்பற்ற கல்லை நிறுத்து ஒப்பிடுவதற்கு உதவும் நிறைகள்:

தோலா – 11.66 கிராம்
பலம் – 35 கிராம்
சென்னைச் சேர் (24 தோலா) – 280 கிராம்
இராத்தல் – 453.6 கிராம்
பழைய பிரெஞ்சு இராத்தல் – 489.5 கிராம்
ஆம்சுட்டர்டாம் இராத்தல் – 494 கிராம்
இந்தியச் சேர் (80 தோலா) – 933 கிராம்
வீசை, தோலாக் கணக்கு – 1400 கிராம்
வீசை, பழைய கணக்கு – 1417 கிராம்
பர்மிய வீசை – 1633 கிராம்

இப்பட்டியலைப் பயன்படுத்துகையில் மூன்று செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, தேய்மானம். பித்தளைக் கல் கைபட்டுத் தேய்ந்து நிறை குறையும். இரும்புக் கல் துருவேறிச் செதிலாக உதிர்ந்தும் குறையும். 1400 கிராம் நிறுக்கும் கல் தேயாத தோலா வீசையாகவும் இருக்கலாம். 17 கிராம் தேய்ந்த பழைய வீசையாகவும் இருக்கலாம். விளிம்புகள் கூர்மையாக உள்ளனவா, எழுத்துகள் ஆழமாக உள்ளனவா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய இயலும். பழவேற்காட்டிலோ புதுச்சேரியிலோ கிடைத்ததாகச் சொல்லப்படும் 489 கிராம் கல்லின் நிலையும் இதுவே. அது தேயாத பிரெஞ்சுக் கல்லா, 5 கிராம் தேய்ந்த ஒல்லாந்தக் கல்லா என்பதை நிறை மட்டும் சொல்லாது. பொறிப்பும் வடிவமும் துணைநிற்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே சொல் பல நிறைகளைக் குறித்தமை. சென்னை மணங்கு ஏறத்தாழ 11.3 கிலோ, அரசு உப்புவரி கணக்கிட்ட இந்திய மணங்கு 40 சேர் கொண்டது, அதன் நிறை ஏறத்தாழ 37.3 கிலோ. உப்பளமும் மளிகை மண்டியும் அருகருகே இருந்த வள்ளூர் வட்டாரத்தில் 'மணங்கு' என்னும் பெயரை மட்டும் கொண்டு ஒரு கல்லையோ கணக்கேட்டையோ விளக்கினால் மூன்று மடங்குக்கு மேல் பிழை நேரும். அதேபோல் 'சேர்' என்பது 280 கிராமா 933 கிராமா என்பதும் சூழல் நோக்கியே துணியப்பட வேண்டும். எல்லைப்புறத் தெலுங்கு வழக்கிலும் வீசையும் மணுகும் உண்டு; எனவே கல்லில் தெலுங்கு எழுத்து இருப்பது அது ஆந்திரத்திலிருந்து வந்தது என்பதற்குத் தனிச்சான்றாகாது.

மூன்றாவது, கடல்கடந்த தொடர்பு. தமிழின் 'வீசை' என்னும் சொல்லே 'விசு' என்ற வடிவில் ஆங்கிலத்திற் புகுந்து, பர்மாவின் எடையலகையும் குறித்தது. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் இருக்கும் வெண்கல எடைக்கற்கள், குறிப்பாகப் பறவை, விலங்கு வடிவின, பர்மிய அலகைச் சார்ந்தவை. அவற்றைச் சென்னை வீசையோடு ஒப்பிட்டு 'நிறை மிகுந்த கள்ளக்கல்' என முடிவுசெய்தல் தவறு.

4. முத்திரையும் சட்டமும் காட்டும் காலம்

எடைக்கல்லுக்கு அரசு முத்திரையிடும் வழக்கம் இந்தியாவில் புதிதன்று. அர்த்தசாத்திரம் எடைக்கற்களை இரும்பாலோ, நனைந்தால் கூடாத, சுட்டால் குறையாத பொருளாலோ செய்யவேண்டும் என்கிறது. நான்கு திங்களுக்கு ஒருமுறை முத்திரையிடுதலையும் விதிக்கிறது. இன்றைய சட்டமுறை எடையளவுத் துறையின் பணியும் இதன் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது.

காலத்தைக் கணிக்க உதவும் சட்ட நிகழ்வுகள் சில. 1939ஆம் ஆண்டின் எடைத்தரச் சட்டம் தோலா, சேர், மணங்கு ஆகியவற்றை நாடு முழுமைக்கும் வரையறுத்தது. 1956ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன; 1962 ஏப்ரல் 1 முதல் அவை கட்டாயமாயின. 1976ஆம் ஆண்டின் சட்டமும், அதனை அடுத்து 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் இன்றைய நிலையை வகுத்தன.

இவற்றிலிருந்து இரு முடிவுகளை எட்டலாம். கிலோ, கிராம் பொறித்த கடைக்கல் பெரும்பாலும் 1958க்குப் பிற்பட்டது. வீசை, பலம், சேர் பொறித்த கல் 1962க்கு முன் செய்யப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆயினும் சிற்றூர்களில் வாய்மொழி வழக்கு நீடித்ததனால், பயன்பாடு அவ்வாண்டோடு நின்றது எனக் கொள்ளலாகாது. 1958 முதல் 1962 வரையிலான மாறுகாலத்தில் இரு வகைக் கற்களும் ஒரே கடையில் இருந்திருக்கும். அவ்விரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கும் கடைத்தொகுதி, மக்கள் ஓர் அளவுமுறையிலிருந்து மற்றொன்றிற்கு மாறிய வரலாற்றின் நேரடிச் சான்றாகும்.

மெட்ரிக் காலத்து வார்ப்பிரும்புப் படிக்கற்கள் பெரும்பாலும் அறுகோண வடிவின. அவற்றின் குழியில் ஈயம் நிரப்பப்பட்டிருக்கும். நிறையைத் திருத்துவதற்கும் முத்திரை குத்துவதற்கும் அவ்வீயமே இடம். முத்திரையில் ஆய்வாளரின் எண், ஆண்டின் இறுதி இரு இலக்கங்கள், காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்று ஆகியன காணப்படும். ஏ என்பது சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலாண்டு. ஏனையவை முறையே அடுத்த காலாண்டுகள். காட்டாக, பி எழுத்தும் 74 என்னும் எண்ணும் இருப்பின் அக்கல் 1974 ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலத்தில் சரிபார்க்கப்பட்டது.

இம்முத்திரை சரிபார்த்த காலத்தைக் காட்டுமேயன்றிச் செய்த காலத்தைக் காட்டாது என்பது முதன்மையானது. நடப்பு விதிகளின்படி எடைக்கற்களையும் தட்டுத் தராசுகளையும் 24 திங்களுக்கு ஒருமுறை மறுமுத்திரையிட வேண்டும். எனவே ஒரே கல்லில் பல முத்திரைகள் அடுக்காக இருக்கும். முதல் முத்திரை பயன்பாடு தொடங்கிய காலத்தையும், இறுதி முத்திரை அக்கல் வணிகத்திலிருந்து விலகிய காலத்தையும் ஏறக்குறைய உணர்த்தும். ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டாலோ, கல்லைச் சாணை பிடித்துவிட்டாலோ இவ்வரலாறு முழுதும் மறைந்துபோம்.

பிரித்தானிய மணிமுடியும் அரசரின் பெயரெழுத்துகளும் கொண்ட முத்திரைகள் இங்கிலாந்தில் சரிபார்க்கப்பட்டதையே குறிப்பன. விக்டோரியா அரசியின் பெயரெழுத்து இருப்பதால் அத்தராசு அவர் காலத்திலேயே சென்னைக்கு வந்தது என்று கூற இயலாது. பழைய பொருளாகப் பின்னர் வந்திருக்கவும் கூடும். செய்தோர் பெயர்த்தகட்டையும் இவ்வாறே நிதானித்து நோக்க வேண்டும். பர்மிங்காமின் ஏவரி நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோகோ வார்ப்பாலையைப் பெற்றது. ஆகவே சோகோ என்னும் பெயர் அந்நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து காணப்படும் தராசு அதற்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. இந்தியாவிலும் தராசுத் தொழில் வேரூன்றியது; குசராத்தின் சாவர்குண்டலா தராசு செய்தலுக்குப் பெயர்பெற்ற ஊர். அயல்நாட்டுப் பெயர் இல்லாத தராசு தாழ்ந்தது என்னும் எண்ணம் சந்தையில் உண்டு. ஆராய்ச்சி நோக்கில் இது பொருந்தாது. உள்ளூர்க் கொல்லன் அடித்த தண்டு, ஏற்றுமதிக்காகப் பல்லாயிரமாக வார்த்த தராசைவிட அரிய சான்றாக அமையக்கூடும்.

5. தராசின் நேர்மையைச் சோதித்தல்

இனங்கண்டபின் அடுத்த வினா, தராசு சரியாக நிறுத்ததா என்பது. வெறுந்தட்டுகளில் முள் நடுவில் நிற்பது மட்டும் போதாது. தண்டின் இரு கைகளும் நீளத்தில் வேறுபட்டிருந்தாலும், தட்டுகளின் கனத்தை மாற்றி முள்ளை நடுவில் நிறுத்திவிடலாம்.

இதனைக் கண்டறிய எளிய வழி, சரக்கைத் தட்டு மாற்றி நிறுப்பது. ஒரு பொருளை இடத்தட்டில் வைத்தபோது 1000 கிராமும், வலத்தட்டில் வைத்தபோது 1020 கிராமும் கற்கள் தேவைப்பட்டன எனக் கொள்வோம். அதன் உண்மை நிறை இவ்விரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலம். ஏறத்தாழ 1010 கிராம். சரக்கை எப்போதும் வலத்தட்டில் வைத்து விற்ற கடையில், வாங்குவோர் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் இழந்திருப்பர்.

தண்டிலோ சங்கிலியிலோ கட்டிய சிறு கம்பி, வளையம், கல் ஆகியவற்றைக் கண்டவுடன் கள்ளம் எனத் துணிதலும் ஆகாது. தட்டுகளைச் சமன்செய்யவும் பாத்திரத்தின் நிறையைக் கழிக்கவும் 'தடை' கட்டுதல் நேர்மையான வழக்கமே. தட்டின் அடிப்புறத்தில் மறைவாக ஒட்டிய மெழுகோ புளியோ, அடியைக் குடைந்த கல்லோ வேறு வகை. அவையும் சான்றுகளே. வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே நிலவிய ஐயத்தையும் ஆய்வாளர் முத்திரை ஏன் தேவைப்பட்டது என்பதையும் அவை விளக்குகின்றன. ஆதலின், குடையப்பட்ட கல்லை ஈயமிட்டுத் திருத்துதல் கூடாது.

6. போலியும் கலப்பும்

சந்தையில் கிடைக்கும் தராசுகளில் முற்றிலும் புதியனவாகச் செய்து பழைமை ஏற்றியவை ஒருவகை. அலங்காரத்திற்காகவே வார்க்கப்பட்ட இவற்றில் கத்திமுனை இராது. ஓரிரு கிராம் வைத்தால் முள் அசையாது. தேய்மானம் எங்கும் ஒரே அளவில் இருக்கும். உண்மையான தராசில் கைபடும் இடம், சங்கிலி உரசும் வளையம், கல் வைத்தெடுக்கும் தட்டின் நடுப்பகுதி ஆகியவை மட்டுமே மிகத் தேய்ந்திருக்கும். எடைக்கற்களின் தொகுதியும் நிறையில் ஒன்றோடொன்று பொருந்தும்: அரை வீசை 700 கிராமாயின் கால் வீசை 350 கிராமை ஒட்டியிருக்க வேண்டும். வடிவத்தால் மட்டும் வீசைக்கல் போல வார்க்கப்பட்ட போலிகளில் இவ்விகிதம் அமைவதில்லை.

கலப்பு என்பது வேறு. ஒரு தராசின் தண்டும் மற்றொன்றின் தட்டும் சேர்ந்திருக்கும். இதனை உடனே குறையாகக் கருதலாகாது. கடைக்காரர் தாமே தட்டையும் சங்கிலியையும் மாற்றியிருப்பர். அம்மாற்றம் தராசின் வாழ்வின் ஒரு பகுதி. விற்பனைக்காக அண்மையில் சேர்த்த கலப்பே மதிப்பைக் குறைப்பது. துருவின் நிறமும் ஆணிகளின் வகையும் இவ்விரண்டையும் வேறுபடுத்த உதவும்.

7. மதிப்பின் நான்கு நிலைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பழந்தராசின் மதிப்பை நான்கு நிலைகளில் வைத்துக் கணிக்கலாம்.

உலோக மதிப்பு. இது தாழ்ந்த எல்லை. இரும்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்து, அன்றைய பழைய உலோக விலையால் பெருக்கினால் கிடைப்பது. எந்நிலையிலும் இதற்குக் குறைந்த விலை நியாயமாகாது. பித்தளைத் தட்டையும் இரும்புத் தண்டையும் ஒன்றாகச் சேர்த்து இரும்பு விலையில் கொடுத்துவிடுவதே பெரும்பாலும் நேரும் இழப்பு.

பயன் மதிப்பு. மெட்ரிக் அல்லாத கற்களையோ முத்திரை காலாவதியான தராசையோ வணிகத்தில் பயன்படுத்துதல் சட்டப்படி குற்றம். ஆதலின் வீசைக்கல்லுக்குக் கடைப்பயன் இல்லை. மெட்ரிக் தராசாயின் மறுமுத்திரை பெறும் நிலையில் உள்ளதா என்பதைப் பொறுத்தே இம்மதிப்பு அமையும்.

சேகரிப்பு மதிப்பு. முழுமை, அருமை, நிலை, செய்தோர் பெயர் ஆகியவற்றைச் சார்ந்தது. ஒரே தொகுதியைச் சார்ந்த கற்கள் அனைத்தும் பெட்டியோடு இருப்பின், அவற்றின் மதிப்பு தனிக்கற்களின் கூட்டுத்தொகையினும் மிகும். இதனைக் கணிக்கையில், விற்போர் கேட்கும் விலையை அளவுகோலாகக் கொள்ளாமல், ஒத்த பொருள்கள் உண்மையில் விற்ற விலையையே கொள்ள வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே பெரும் வேறுபாடு இருத்தல் இயல்பு. அலங்காரத்திற்காக மெருகேற்றிய தராசு ஒரு சாராரிடம் கூடுதல் விலை பெறலாம். தேர்ந்த சேகரிப்பாளரிடம் அதே மெருகு விலையைக் குறைக்கும்.

சான்று மதிப்பு. இன்ன ஊரில், இன்ன சரக்கிற்கு, இன்ன காலத்தில் பயன்பட்டது என்னும் செய்தியோடு இணைந்த தராசின் மதிப்பு இது. கணக்கேடு, கடைப் பெயர்ப்பலகை, பழைய ஒளிப்படம், முத்திரைக் கட்டணச் சீட்டு ஆகியன உடனிருந்தால் இம்மதிப்பு பன்மடங்காகும். இது ரூபாயில் முழுமையாக அடங்காது. ஆயினும் சேகரிப்பு மதிப்பை உயர்த்தும் காரணியும் இதுவே. பழவேற்காட்டுச் சரக்குக் கிடங்கொன்றில் பயன்பட்டது என்பதற்குச் சான்றுள்ள எளிய தராசு, எவ்வூரினது என்று தெரியாத அழகிய அயல்நாட்டுத் தராசைவிட ஆய்வாளருக்குப் பயன்படும்.

முதல் மூன்று மதிப்புகளும் பொருளோடு கைமாறிச் செல்பவை. நான்காவது மதிப்போ பொருளைப் பற்றிய செய்தியில் தங்கியிருப்பது. கைமாறும்போது சொல்லப்படாவிட்டால் அங்கேயே அற்றுப்போவது.

8. ஆவணப்படுத்தலும் சட்டப் பொறுப்பும்

ஆகவே விற்பதற்கு முன் செய்யவேண்டிய பணிகள் சில உள. தராசையும் ஒவ்வொரு கல்லையும் எல்லாப் பக்கங்களிலும் ஒளிப்படம் எடுத்தல். முத்திரைகளைச் சாய்ந்த ஒளியில் தனியே படமெடுத்தல். ஒவ்வொரு கல்லின் நிறையையும் கிராமில் குறித்தல். தண்டின் நீளத்தையும் தட்டின் விட்டத்தையும் அளத்தல். கடையின் இடம், விற்ற சரக்கு, பயன்பட்ட ஆண்டுகள், தராசு வாங்கப்பட்ட வழி ஆகியவற்றைக் குடும்பத்து மூத்தோரிடம் கேட்டு எழுதுதல் என்பன அவை. தூய்மை செய்தல் உலர்ந்த மென்துணியால் தூசு துடைத்தலோடு நிற்க வேண்டும். புளியிட்டு விளக்குதலும், அமிலத்தில் ஊறவைத்தலும், உப்புத்தாளால் தேய்த்தலும் முத்திரையின் நுண்கோடுகளை அழித்துவிடும். கடற்காற்றுப் படும் வட்டாரமாதலின் இரும்புத் தண்டில் துரு தொடரும். அதனைத் தடுக்க ஈரமற்ற இடத்தில் வைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுதல் போதுமானது.

சட்டமும் கருதத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புடைய, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வரக்கூடியவை. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் இயலாது. அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமமும் வேண்டும். எனவே நூறாண்டைக் கடந்ததாகக் கருதப்படும் தராசைப் பொறுத்தவரை, காலக்கணிப்பு விலைக்காக மட்டுமன்றிச் சட்டத்தின் பொருட்டும் தேவைப்படுகிறது. வயதை மிகைப்படுத்திச் சொல்லும் விற்பனையாளர் தம்மை அறியாமலே இச்சட்ட வரம்பிற்குள் செல்கிறார் என்பதும் நோக்கத்தக்கது.

9. முடிவுரை

பழங்கடைத் தராசை இனங்காணுதற்குத் தண்டின் அமைப்பு, எடைக்கல்லின் நிறை, முத்திரையின் காலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சான்றுகளாகக் கொள்ளப்பட வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பிக் காலமும் விலையும் கூறுதல் பிழைக்கு இடமளிக்கும். வீசை, மணங்கு, சேர் போன்ற பெயர்கள் இடத்திற்கு இடம் நிறையில் வேறுபட்டமையால், பல எடைமுறைகள் கலந்த வள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இக்கவனம் மேலும் இன்றியமையாததாகிறது.

உலோக விலை எந்நாளும் கிடைக்கக்கூடியது. சான்று ஒருமுறை உருகிவிட்டால் மீளாது. கல்லின்மீதுள்ள ஈயமுத்திரையும் தண்டின் தேய்மானமும் கடைக்காரரின் நினைவும் ஒருங்கே கிடைக்கும் காலம் இன்னும் ஒரு தலைமுறையே. மெட்ரிக் மாற்றத்தை நேரில் கண்டு, இருவகைக் கற்களாலும் நிறுத்தவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுடைய கடைகளில் எஞ்சிய தராசுகளை ஊர்வாரியாகப் பதிவுசெய்வது இவ்வட்டாரத்தில் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வுப்பணியாகும்.